புகைக்குள்ளிருந்து பதில் சொல்லாத ஏழுமலை

“கீறியா வாத்தியாரே?”

நேற்று சாயங்காலம்கூட ஏழுமலை போனில் இதைத்தான் கேட்டான். “இருக்கேன்” என்றேன். “அப்ப சரி” என்று வைத்துவிட்டான்.

இன்று காலை அதே நம்பர். எடுத்ததும் பழக்கத்தில், “இருக்கேன்டா” என்றேன்.

பேசியது அவன் மகள். “சார்… அப்பா போயிட்டாருங்க. டீ குடிச்சிகினுதான் இருந்தாரு சார்… அப்டியே…”

அப்போது உட்கார்ந்த நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

உங்களில் பலருக்கு ஏழுமலையைத் தெரியாது. ஆரணியில் பட்டு நெய்தவன். எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. அவன் தறியில் ஏற்றப் பாவு நூல் இல்லை, நெசவு நின்றிருந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்த எனக்கு வேலை உத்தரவு வரவில்லை. இரண்டு பேரும் படவேட்டுக்கு மேலே, ஜவ்வாது மலையில் காட்டுத்தீ அணைக்கிற டெம்பரவரி வேலைக்குப் போனோம்.

பச்சைத் தழையை ஒடித்து, வரிசையாக நின்று நெருப்பை அடிப்போம். புகையில் பக்கத்து ஆள் தெரியாது. அதனால் “கீறியா?” என்று கத்துவோம். பதில் வந்தே ஆக வேண்டும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் “உள்ளேன் ஐயா” என்று வருமே, அது மாதிரி.

ஒரு மதியம் ஏழுமலையிடமிருந்து பதில் வரவில்லை.

கத்தினேன். மறுபடி கத்தினேன். தழையை வீசிவிட்டுப் புகைக்குள் ஓடினேன்…

எரிந்து முடிந்த கரித்தரையில் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“யோவ், கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டியா?”

விழுங்கிவிட்டுச் சொன்னான். “வாய் நெறைய சோறு கீது, எப்டிய்யா சொல்றது? இங்கதான் எல்லாம் எரிஞ்சி பூட்ச்சே, நெருப்பு திரும்பி வராது. அழுவாம குந்து. துன்னு.”

அழவில்லை, புகை என்றேன். ஆரணி முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

எண்பதுகளில் வந்தவாசிப் பக்கம் எனக்கு வேலை. ரோட்டோரப் பள்ளிக்கூடம். ஏழுமலை அந்த வழியாக பஸ்ஸில் போனால் ஜன்னலில் தலையை நீட்டி, “கீறியா வாத்தியாரே?” என்பான். நான் வாயைத் திறப்பதற்குள் மொத்த வகுப்பும் கத்தும். “கீறாரு!”

கொஞ்ச நேரம் முன்பு அவன் நம்பருக்கு நானே அடித்தேன். எதற்கென்று தெரியவில்லை. “சொல்லுங்க சார்” என்றது அந்தப் பெண். “கீறியா?” என்று கேட்காமலே வைத்துவிட்டேன்.

வாய் நிறைய சோறு இருக்கும், அவ்வளவுதான்… துன்னு முடிச்சிட்டு மெதுவாவே சொல்லுடா ஏழுமலை.

இதைப் படித்தவர்கள், ரொம்ப நாளாகப் பேசாத ஒருவரை இப்போதே கூப்பிட்டு, “இருக்கியா?” என்று கேளுங்கள்.