திருப்பதியில் ஏழு மாதம் நடந்த பர்கர் கடை

என் கணவர் குவைத்தில் பதினோரு ஆண்டுகள் பர்கர் போட்டார். ஊரில் கேட்டவர்களிடம் 'ஓட்டல் வேலை' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தோம். தொண்ணூறுகளில் சித்தூர் ஜில்லா புத்தூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்கோ டிரைவர் வேலைக்கோ போனார்கள். இவருக்கு மட்டும் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் கிளையில், சமையல்கட்டில் இடம் கிடைத்தது. தொப்பியும் சிவப்புச் சட்டையும் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ ஒன்றை அனுப்பினார். என் நைனா அதைப் பார்த்துவிட்டு, "பெரிய ஆபீசராட்டம் கீறாரே மாப்ள" என்று சுவரில் மாட்டச் சொன்னார்.

ரொட்டிக்கு நடுவே வைப்பது மாட்டுக்கறி என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார். நைனாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது அந்த வரிகளை விட்டுவிட்டேன். எங்கள் தெருவுக்கு அந்தக் கறி ஒரு காலத்தில் புதிதல்ல. ஊருக்கு வெளியே இருந்த தெரு அது. சொந்த நிலம் இல்லாமல் அடுத்தவர் கழனியில் வேலை செய்த நாட்களில் கிடைத்ததைத் தின்றவர்கள் நாங்கள். பட்டா கிடைத்து, இரண்டு ஏக்கரில் நிலக்கடலை போட ஆரம்பித்த பிறகு நைனா அதை விட்டார். வருஷா வருஷம் திருப்பதி மலைக்கு நடந்து போனார். அந்தப் பேச்சே வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். அப்படி இருந்தால்தான் ஊர்த்தெருவில் நாலு பேர் நம்மை மதிப்பார்கள் என்று நம்பினார். நானும் நம்பினேன்.

என் கணவருக்கோ அந்த வேலையில் ஒரு பித்துப் பிடித்துவிட்டது. அவருடைய சூப்பர்வைசர் அமெரிக்காவில் பல ஊர்களில் வேலை பார்த்தவராம். அவர் சொன்னதையெல்லாம் இவர் போனில் எனக்குச் சொல்லுவார்.

"ஒரு ஊர்ல வெங்காயத்த நூலு மாதிரி சீவி, கறியோட சேத்து கல்லு மேல வெச்சி அழுத்துவாங்களாம்மே. இன்னொரு ஊர்ல சீஸ உள்ள வெச்சி மூடிடுவாங்க, அவசரப்பட்டுக் கடிச்சா நாக்கு வெந்துரும். தெக்கத்திப் பக்கம் பச்சக் கோசு நறுக்கி மேல கொட்டுவாங்களாம். ஊருக்கு ஊரு வேற."

"உங்க கம்பெனில?"

"எங்க கம்பெனில எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே ருசி. அத பெருமையா எழுதி வேற மாட்டிக்கீறாங்க. எங்கப் போனாலும் ஒரே ருசின்னா, செய்யறவன் எவனும் வாய்ல வெச்சிப் பாக்கலன்னுதான அர்த்தம்?"

நான் மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்ல எஸ்.டி.டி. பூத்தில் காத்திருந்து பேசியிருப்பேன். அவர் வெங்காயத்தில் இருப்பார்.

லீவில் வந்தால் என்னை பேக்கரி பேக்கரியாக அழைத்துப் போவார். சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு பேக்கரியில் வெஜ் பர்கர் என்று கொடுத்தார்கள். இனிப்புப் பன்னுக்குள் பீட்ரூட் போட்டுச் சிவந்த உருளைக்கிழங்கு கட்லெட், மேலே தக்காளி சாஸ். "கட்லெட்டுக்குக் குளிருதுன்னு போத்தி வெச்சிக்கீறான்" என்றார். பெங்களூரில் சாப்பிட்டது அவருக்குக் கோபத்தையே வரவழைத்தது. மயோனஸ் முழங்கை வரைக்கும் வழிந்தது. வேலூரில் ஒருவன் பன்னைக் கல்லில் வாட்டி, நடுவில் ஆம்லெட்டும் மிளகுத்தூளும் வைத்துக் கொடுத்தான். அதை மட்டும் இரண்டு வாங்கித் தின்றார். "இவன் எவனையும் பாத்து செய்யலமே. இவனுக்கு எது ருசியோ அத செய்றான்."

ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அவர் மனதில் கடை தயாராக இருந்தது. திருப்பதியில் காலேஜ்களும் ஹாஸ்டல்களும் இருந்த ஒரு ரோட்டில் இடம் பிடித்தார். கடையின் சொந்தக்காரர் வயதான தெலுங்குக்காரர், ரிடையர் ஆனவர். நாலு கடை தள்ளி பிரியாணிக் கடை இருந்ததால் கோழிக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் கடை ஜெராக்ஸ் கடை.

அவர் செய்தது இதுதான். எலும்பில்லாத கோழியைக் கத்தியாலேயே பொடியாகக் கொத்தி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்து உருட்டி, பரோட்டாக் கல்லில் வைத்து ஓரம் முறுகும்வரை அழுத்துவார். சாஸ் கிடையாது. கிளிமூக்கு மாங்காயைத் துருவி வதக்கிய தொக்குதான். "சித்தூர் ஜில்லாவுல ஒக்காந்துக்கினு தக்காளி சாஸ் ஊத்தினா மாமரம் நம்மளப் பாத்து சிரிக்கும்" என்பார். கறி தின்னாதவர்களுக்குக் காராமணி அரைத்துத் தட்டிய வடை. அதற்குத் தனிக் கல், தனிக் கரண்டி. பன்னுக்காக பேக்கரிக்காரரோடு ஒரு மாதம் சண்டை போட்டார். "சர்க்கர இல்லாத பன்ன எவன் துன்னுவான்?" என்று பேக்கரிக்காரர் கேட்டார். எவன் தின்பான் என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் தின்றார்கள். மூன்றாவது மாதமே பிள்ளைகள் பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டே தின்னும் அளவுக்குக் கூட்டம் வந்தது. நான் புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தேன். லீவு நாட்களில் மகளோடு பஸ் ஏறிப் போய் வெங்காயம் உரித்துக் கொடுப்பேன். கல்லுக்கு முன்னால் நின்ற அந்த ஏழு மாதத்தில் அவர் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் தினமும் மதியம் வந்து ஒன்று தின்பார். அண்ணா, அண்ணா என்று உயிராக இருப்பார். ஒருநாள் தின்றுகொண்டே, சும்மா பேச்சுவாக்கில் தெலுங்கில் கேட்டார்: "அண்ணா, குவைத்துல இத எந்தக் கறில செய்வீங்க?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். இவரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் பதில் சொல்லிவிட்டார்.

"அங்க மாட்டுக்கறி. இங்க கோழிதான்."

அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. மிச்சத்தையும் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஒரு வாரத்தில் பேச்சு ரோடு முழுக்கப் பரவிவிட்டது. முதலில் ஹாஸ்டல் பிள்ளைகள் குறைந்தார்கள். பிறகு யாரோ நாலு பேர் வந்து ஃபிரிட்ஜைத் திறந்து, கறியைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார்கள். கோழிக்கடைக்காரர் பாவம், தானே வந்து, கறி தன் கடையிலிருந்துதான் போகிறது என்று நடுரோட்டில் நின்று சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் கடைச் சொந்தக்காரர் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஏமீ அனுகோவத்தய்யா" என்று ஆரம்பித்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம். கோயில் ஊராம், தனக்குப் பேத்திகள் இருக்கிறார்களாம், மாதக் கடைசியில் காலி செய்துவிட வேண்டுமாம். படி இறங்கியவர் நின்று, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். "உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?"

இவர் அதற்கும் உண்மையைத்தான் சொன்னார். கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்டது போல இருந்தது அந்தத் தலையாட்டல்.

அன்று வீட்டில் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை.

"மலையப் பாத்து சத்தியம் பண்ணு மாமா. அங்கயும் நான் அதத் தொட்டதே இல்லன்னு நாலு பேர் முன்னால சொல்லிடு."

"தொட்டேன். பதினோரு வருசம் தொட்டேன். அந்த சோத்ததான் நீயும் பொண்ணும் துன்னீங்க."

"வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும் உனுக்கு?"

"கேட்டான், சொன்னேன். திருடினேனா?"

அப்போது நான் சொன்னேன்: "குவைத்து போயும் உன் புத்தி அந்தத் தெருவத் தாண்டல."

நானும் அதே தெருவில் பிறந்தவள்தான். ஊர்த்தெருக்காரர்கள் எங்களைச் சொல்லும் சொல்லை அப்படியே எடுத்து என் புருஷன் முகத்தில் எறிந்தேன். அவர் காலையில் தனியாகப் போய் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்தச் சொல்லுக்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது இன்னும் நினைவிருக்கிறது என்று ஆகிவிடும். நினைவில்லாதது போல இருவரும் இருக்கிறோம்.

மூன்று மாதத்தில் மறுபடியும் குவைத்துக்குப் போனார். நாற்பத்தைந்து தாண்டியவரை கல்லுக்கு முன்னால் நிறுத்த எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. உறைந்த கறிப் பெட்டிகளை லாரியில் ஏற்றும் குளிர்க்கிடங்கில் சேர்ந்தார். அப்புறம் அவர் போனில் எந்த ஊர் ருசியைப் பற்றியும் பேசவில்லை.

பத்து வருஷம் கழித்து அதே ரோட்டில் அவருடைய பழைய கம்பெனியே கடை திறந்தது. எங்கள் சுவரில் போட்டோவில் இருக்கும் அதே சிவப்புச் சட்டை. முதல் நாள் வாசலில் பலூன் கட்டி, குடும்பம் குடும்பமாக ஜனம் வரிசையில் நின்றதாம். மகள் அப்போது திருப்பதியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். "வாம்மா, ஒரு தபா துன்னு பாரு" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

தின்றேன். பன் கேக் மாதிரி இனித்தது. நடுவில் இருந்த கோழி மொறுமொறுவென்று உடைந்தது. ஆனால் அது கோழி என்று நாக்கு சொல்லவில்லை, சுவரில் இருந்த படம்தான் சொன்னது. மகள் விரலைச் சூப்பிக்கொண்டு தின்றாள். அப்பா கையால் தின்றது அவளுக்குச் சரியாக நினைவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் பேரனோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். "அண்ணா நல்லா இருக்காராம்மா? அவர் கை ருசி இவங்களுக்கு எங்கம்மா வரும்! இன்னிக்கும் நான் எல்லார்கிட்டயும் சொல்வேன்."

உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"இவங்களும் குவைத்துல அந்தக் கறிலதான் செய்றாங்க. எங்க வீட்டுக்காரர் இவங்ககிட்டதான் வேல செஞ்சார்" என்றேன்.

"அது அங்கம்மா. இங்க கோழிதானே."

"நாங்களும் கோழிதான் போட்டோம்."

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். பேரன் கையைப் பிடித்து இழுத்தான். "கம்பெனின்னா வேற இல்லையாம்மா" என்று சொல்லிவிட்டு, அவன் கேட்ட உருளைக்கிழங்கு வறுவலை வாங்கக் கவுண்டருக்குப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை கணவர் போன் செய்தார். மகள் முன்பே சொல்லியிருக்கிறாள்.

"பன்ன உள்பக்கம் வாட்டிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"கூட்டம்?"

"ஒக்கார எடம் இல்ல."

பின்னால் லாரி திரும்பும் சத்தம் கேட்டது. முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டதாகச் சொன்னார்.

"போதும் மாமா. வந்துடு" என்றேன்.

"வந்து?"

போனை மகளிடம் கொடுத்தேன். அவள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.