மதிப்பு இறங்கவில்லை

"போர்டைப் படிச்சேங்க. சிரிச்சுக்கிட்டே போயிட்டேன்" என்றாள் சாட்சிக் கூண்டில் நின்ற சலவைக்கடை அம்மா.

"படிச்ச பிறகு, கேஸ் போட்டிருக்கிறவர் மேல உங்களுக்கு இருந்த மரியாதை குறைஞ்சுதா?" வக்கீலம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏன் குறையணும்? வயித்தெரிச்சல் புடிச்ச ஆளு எழுதினதுன்னு தெருவுக்கே தெரியுமே!"

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. எழுதிய ஆள் எதிர்க் கூண்டில் நின்றிருந்தான். சிரித்தவர்களில் தன் மனைவியும் உண்டா என்று திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

எரிந்துபோன மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது அவன் தொழில். தெருவில் அவன் ஒருவன்தான் இருந்தான், மைத்துனியின் கணவன் நேர் எதிரே அதே தொழிலுக்குக் கடை போடும் வரை. அந்தச் சகலைக்கு வாய் நல்ல வாய். வந்தவர்களை உட்காரவைத்துக் குடும்பக் கதை கேட்பான். இவனிடம் பத்து வருஷமாக வந்தவர்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு இவன் கடையைத் தாண்டியே அங்கே போனார்கள். கடைசியில் மாமனாரும் தன் வீட்டுப் பம்பு மோட்டாரைச் சின்ன மாப்பிள்ளையிடம் அனுப்பினார்.

அன்று சாயங்காலமே ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கடை முன் மாட்டினான்: 'எதிர்க்கடையில் எரிந்த கம்பியையே மறுபடி கட்டுகிறார்கள்.'

சகலையின் கடை மூலையில் கருகிய கம்பியைப் பார்த்தது நிஜம். பழைய காயிலைப் பிரித்தால் அது வரத்தான் செய்யும். இவன் கடை மூலையிலும் கிடந்தது. அதையெல்லாமா அட்டையில் எழுதுவார்கள்?

சகலை அவதூறு வழக்குப் போட்டான். தோற்றால் ஜெயில், இல்லாவிட்டால் அபராதம். எதுவானாலும் கடையின் பெயர் கெட்டுவிடும்.

"நீங்க எழுதினது உண்மையா?" என்று முதல் நாளே கேட்டாள் அவனுடைய வக்கீலம்மா.

"உண்மைதாம்மா. கண்ணால பார்த்தேன்."

"அந்தக் கம்பியை மோட்டார்ல கட்டினதைப் பார்த்தீங்களா?"

"மூலையில கிடந்ததைத்தான் பார்த்தேம்மா."

"அப்ப உண்மைங்கற பேச்சையே எடுக்காதீங்க. எடுத்தா நிரூபிக்கிற பாரம் நம்ம தலையில வந்து விழும். போர்டைப் படிச்சவங்க மனசுல அவர் மதிப்பு இறங்கியிருக்கணும். இறங்கலைன்னா கேஸ் நிக்காது. அந்தப் பக்கமா போவோம்."

சகலையின் வக்கீல் அந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை. சகலைக்காக உயிரையே கொடுப்பவர்களாகப் பார்த்துச் சாட்சிக்குக் கூட்டிவந்திருந்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சினார்கள்.

"தலைகீழா நின்னு எழுதியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்" என்றார் லேத் பட்டறைக்காரர். "படிச்ச கையோட என் மோட்டாரை அவர்கிட்டயேதான் கொடுத்தேன்."

வக்கீலம்மாவின் முகம் மலர்ந்தது. இவன் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினான். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், 'லேசா சந்தேகம் வந்துச்சுங்க' என்று சொல்லமாட்டாரா? சொன்னால் தண்டனை தனக்குத்தான் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

"பொய்!" என்று கத்திவிட்டான். "போர்டு மாட்டின அன்னிக்கு என் கடைக்கு வந்து விசாரிச்சீங்களே!"

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி பேனாவை நிமிர்த்தினார்.

"வந்தேன்" என்றார் பட்டறைக்காரர். "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு விசாரிச்சேன்."

படித்த எவர் மனத்திலும் மதிப்பு இறங்கியதற்குச் சாட்சியம் இல்லை என்று நீதிபதி அவனை விடுதலை செய்தார்.

வெளியே சகலை காத்துக்கொண்டிருந்தான். "ஜெயிச்சுட்டீங்க சகலை. வாங்க, ஒரு டீ அடிப்போம்." முகத்தில் துளி கோபம் இல்லை. இவனால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"எனக்கு வேலை கிடக்கு."

"அப்படியா? யாரோட மோட்டாரு?" என்று சகலை நிஜமான அக்கறையோடு கேட்டான்.

மறுநாள் கடையைத் திறந்தான். அட்டை கோர்ட்டில் இருந்தது. சுவரில் ஆணி இருந்தது. ஒரு டேபிள் ஃபேன் வந்தது. அதைப் பிரித்துக் கருகிய கம்பியை மூலையில் போட்டான். எதிரே ஒரு வண்டியிலிருந்து சலவைக்கடை மோட்டாரை இறக்கினார்கள். மதியம் மனைவி சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு எதிர்க்கடைக்குப் போய்த் தங்கையின் சுகம் விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் மழை பெய்தது. கட்டி முடித்த ஃபேன் ஓடியது.