எங்கள் கீழ்வீட்டுக் கட்சி

வரவேற்பறைச் சுவருக்குத் தாள் ஒட்ட நேற்று பசை கரைத்தேன். அந்தப் புளித்த மாவு வாசனையில், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த கட்சி அறை அப்படியே வந்து நின்றது. இன்று அது நகம் பூசும் கடை. அன்று சுவரில் சிலுவை, மூலையில் சுவரொட்டிப் பசை வாளி, வியாழன்தோறும் ஜெபம் சொல்லிவிட்டு, கோப்பிக் கோப்பை கிலுங்க, கதிரைகள் கிரீச்சிட மெதுவாகச் சண்டை பிடிக்கும் கிழவர்கள். பக்கத்து ஊரைத் தாண்டினால் ஒருவருக்கும் தெரியாத ஒரு குட்டிக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அதன் தலைவர்தான் சிபாரிசு செய்திருந்தார். "இந்தக் கட்சி இருக்குமட்டும் எங்களை ஒருத்தராலும் அசைக்கேலாது" என்பார் அப்பா.

ஆகவே, கட்சியைக் கலைத்துவிட்டுப் பெரிய கட்சியோடு சேரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், எங்கள் வீட்டில் நாடு கடத்தலுக்கு ஆயத்தமான ஒரே வீரன் நான்தான். பள்ளிக்கூடப் பைக்குள் இரவு உடுப்பையும் பல் தூரிகையையும் அடைத்து முதுகில் மாட்டிக்கொண்டு, வாக்கெடுப்புக்கு நடுவே புகுந்து, கலைக்கக் கூடாதென்று இரண்டு கைகளையும் தூக்கினேன். காரணத்தையும் அழுதழுது கொட்டினேன்.

தலைவர் சிரிக்கவில்லை. "நீ இங்கேதான் இருப்பாய். போகப்போவது நாங்கள்தான்" என்றார்.

மேலே ஓடி அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைத் தணித்தாள்.

"ஐயோ பாவங்கள். போற இடத்தில முதல் வருசம் ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்காயினம், பிறகு எல்லாம் பழகிடும் எண்டு போய்ச் சொல்லு, ராசா."