மெட்ராசில் எந்தப் பேட்டைக் காற்று?

ஆம்பூர் ஸ்டேஷனில் எங்கள் மெட்ராஸ் பாசஞ்சர் எதிர்வண்டிக்காகக் காத்து நிற்கிறது. தோல் பதனிடும் வாடை ஜன்னல் வழியே வந்து பெட்டியை நிறைக்கிறது. இங்கே ஏறிய ஒரு தோல் மேஸ்திரியும் அவர் மனைவியும் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு மெட்ராஸ் பெரியமேட்டுத் தோல் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவிக்கு மூச்சு இழுப்பு நோய். வீடு பார்க்கப் போகிறார்கள்.

மேஸ்திரி மடியில் நான்கு தோல் துண்டுகளைப் பரப்புகிறார். மழை நாட்களில் ராயபுரம், திருவல்லிக்கேணி, சைதாப்பேட்டை, தாம்பரம் என்று தெரிந்தவர்கள் வீடுகளில், காற்றின் ஈரத்தைச் சோதிக்கத் தொங்கவிட்டு எடுத்து வந்தவையாம். ராயபுரத்துத் துண்டில் பச்சைப் பூஞ்சை. தாம்பரத்துத் துண்டு மட்டும் சுத்தமாக உலர்ந்திருக்கிறது.

"ஈரம் ஜாஸ்தியானா இவளுக்கு இழுத்துக்கும் சார். அதான் தாம்பரம்னு முடிவு பண்ட்டேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் திருவல்லிக்கேணிக்காரன். எங்கள் கடற்காற்றைப் புகழ வாயெடுத்தவன், திருவல்லிக்கேணித் துண்டின் ஓரத்திலும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறேன். அவர் மனைவியைக் கேட்கிறேன்: "உங்களுக்கு எந்த இடம்மா பிடிச்சிருக்கு?"

அந்த அம்மா ராயபுரத்துத் துண்டைத் தொட்டுக் காட்டுகிறார்.

"நாலு வூட்லயும் ரெண்டு ரெண்டு நாள் தங்கனோம். ராயபுரத்துலதான் மாடிப்படி ஏறியும் எனக்கு இழுக்கல."

மேஸ்திரி திகைக்கிறார். "எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க எங்க கேட்டீங்க? தோலைத்தான் பாத்துக்கினு இருந்தீங்க."

எதிர்வண்டி கடந்து போகிறது. எங்கள் வண்டியும் நகர்கிறது. மேஸ்திரி மனைவி பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, அந்த மாடியில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று விசாரிக்கிறார்.