ஐந்தரையும் நாலரையும்

மழை பெய்தால் பசுவந்தனைக் கரிசலுக்குள் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் இறங்கும். எங்கள் உளுந்து மூட்டைகள் காட்டில் கிடக்கின்றன. அதற்காகத்தான் பழைய டீசல் ஜீப்புக்குக் கோவில்பட்டி பட்டறையில் கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் மாற்றினோம்.

காலையில் ஜாக்கியில் நின்ற ஜீப்பின் சக்கரங்களைக் கையால் சுழற்றி எண்ணிப் பார்த்தேன். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட் ஐந்தரை சுற்று, பின் ஷாஃப்ட் நாலரை. இந்த வித்தியாசத்தோடு நான்கு சக்கரமும் இழுக்க ஓட்டினால், இரண்டும் ஒன்றையொன்று முறுக்கி உடைத்துவிடும்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. இரண்டு எண்களையும் மட்கார்டில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன்.

"ஏட்டி, வண்டியில கிறுக்காத" என்றார் அப்பா.

"பாப்பா பரிச்சை எழுதுது அண்ணாச்சி" என்று மெக்கானிக் சிரித்தபடி துணியால் துடைத்துவிட்டார்.

தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டு ஓட்டினார்கள். முதல் வளைவிலேயே உள்ளே கியர் பற்கள் உடைந்தன.

தள்ளிக்கொண்டு வந்ததும் மெக்கானிக் ஷாஃப்டைச் சுழற்றி எண்ணினார். அதே மட்கார்டில் எழுதினார்: ஐந்தரை, நாலரை.

"பாத்தியாட்டி, அவிய அனுபவத்த!" என்றார் அப்பா.

இப்போது தூறுகிறது. மூட்டைகள் இன்னும் காட்டில்தான்.

வீட்டுச் சுவரில் என் பெயரோடு பி.இ. மெக்கானிக்கல் என்று பெயின்டால் எழுதி வைத்ததும் இதே அப்பாதான். அடுத்த முறை நானும் பெயின்டாலேயே எழுதிவிடவா, சொல்லுங்கள்.