தீர்த்தம் வாங்கிய கை

வேலிக்குக் கம்பி முறுக்கியபோது அதன் நுனி தெறித்து என் கணவரின் வலக்கண்ணைக் கிழித்துவிட்டது. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"தையல் சரி. இனிக் கிருமி உள்ளை போச்சுதெண்டால் கண் போயிடும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவிப்போட்டுத்தான் சொட்டு மருந்து விடோணும். வேறை ஒரு சொட்டுத் தண்ணியும் படக்கூடாது."

அன்று பின்னேரம் கையைக் கழுவிவிட்டுக் கண்மூடியை எடுத்தேன். சிவந்த கண் திறந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயிலில் இருந்து வந்த அவருடைய அக்கா, என் மச்சாள், செம்பில் இருந்த தீர்த்தத்தைத் தம்பியின் முகத்தில் தெளிக்கக் கையை ஓங்கினார்.

பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். தீர்த்தம் நிலத்தில் சிந்தியது. மச்சாளை ஒருநாளும் எதிர்த்துக் கதைத்தவளில்லை நான்.

"தீர்த்தத்திலை கிருமியோ, பிள்ளை?" மச்சாள் கேட்டார்.

"எந்தத் தண்ணியும் படக்கூடாது, மச்சாள். எனக்குத் தாங்கோ, இவருக்காக நான் குடிக்கிறன்."

செம்பில் மிச்சமிருந்ததை மச்சாள் என் உள்ளங்கையில் வார்த்தார். குடித்தேன். பிறகுதான் உறைத்தது. மருந்தைத் தொடுவதென்றால், தீர்த்தம் வாங்கிய அந்தக் கையை மச்சாளின் கண்முன்னே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கையை விரித்தபடியே இருந்தேன்.

மச்சாள் விறுவிறென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். வாளித் தண்ணீரோடும் சவர்க்காரத்தோடும் திரும்பி வந்தார்.

"கையை நீட்டு, பிள்ளை."

இவரின் கண் ஆறிவிட்டது. இப்போதும் கோயிலில் தீர்த்தத்துக்குக் கை நீட்டினால், எனக்குச் சவர்க்கார வாசம்தான் வருகிறது.