ஆடியில் பிரிக்காத கவர்

பிக்சட் டெபாசிட்டுக்கு பிரீமியம் கட்டச் சொல்லி உங்களில் யாருக்காவது போன் வந்திருக்கிறதா? எனக்கு வந்தது. அதாவது, என் மனைவி மல்லிகாவுக்கு வந்ததை நான் எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

"மேடம், இந்த வருஷத்து ரெண்டு லட்சம் டியூ வந்துடுச்சு..."

"தம்பி, நாங்க டெபாசிட் போட்டிருக்கோம்."

"இல்ல சார், இன்சூரன்ஸ் பாலிசி. பத்து வருஷம் கட்டணும்."

நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்தேன். பிறகு எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாததால் மறுபடியும் உட்கார்ந்தேன்.

அந்த ரெண்டு லட்சம் என் பணமில்லை. அனந்தபுரத்தில் மல்லிகாவின் அண்ணன்கள் நிலத்தை விற்றபோது அவளுக்குக் கொடுத்த பங்கு. பிறந்த வீட்டிலிருந்து வந்த கடைசிப் பணம். போன ஆனி மாதம் இரண்டு பேரும் சேர்ந்துதான் பேங்குக்குப் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் என் ஜோக்குக்கெல்லாம் சிரித்தான். செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ஒரு சொம்புக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ரெண்டு லட்சத்துக்கு நாங்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏசி வேறு நன்றாக இருந்தது. காட்டிய இடத்திலெல்லாம் மல்லிகா கையெழுத்துப் போட்டாள். "கம்பெனிலேர்ந்து போன் வரும், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்கம்மா" என்றான். வந்தது. சொன்னாள்.

அப்புறம் ஒரு கவர் வந்தது. இங்கேதான் எங்கள் குடும்பத்தின் தனித்திறமை.

எங்கள் வீட்டில் பணம் சம்பந்தப்பட்ட எந்தக் காகிதமும் முதலில் சாமி படத்துக்கு முன்னால்தான் போகும். மஞ்சள், குங்குமம் வைத்த பிறகுதான் பிரிப்போம். கவர் வந்ததோ ஆடி முதல் வாரம். "ஆடில போய் பிரிப்பாங்களா, ஆவணி பொறக்கட்டும்" என்றேன். சொன்னது நான்தான். ஆவணி பிறந்தது. நாங்கள் மறந்துபோனோம். போன் வந்த அன்றுதான் விபூதித் தூளைத் தட்டிவிட்டுப் பிரித்தேன். பாலிசி பிடிக்கவில்லை என்றால் கவர் கைக்கு வந்து முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று அதிலேயே போட்டிருந்தது. ஆடிக்குத் தனியாகச் சலுகை எதுவும் கிடையாதாம்.

கட்டினால் இன்னொரு ரெண்டு லட்சம். கட்டாவிட்டால் போனது போனதுதான். பனமலைக் குன்றில் ஓடி ஏறியவன் போல எனக்கு மூச்சு வாங்கியது. கடையில் குக்கர் கேட்டவருக்குத் தோசைக்கல்லை எடுத்துக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்து நண்பன் சம்பத் இங்கே வக்கீல். அவனிடம் ஓடினேன்.

"கேஸ் போடு," என்றேன்.

"போட்லாம். விழுப்புரத்துல கன்ஸ்யூமர் கோர்ட். எனக்கு முப்பதாயிரம் ஆவும். வாய்தாக்கு வாய்தா நீ கடைய மூடிட்டு வரணும். எப்ப முடியும்னு எனக்கே தெரியாது."

"ஜெயிச்சிடுவமா?"

"டேய், ஜெயிச்சாலும் எனக்கு பீஸு, தோத்தாலும் எனக்கு பீஸு. டென்ஷன் உனக்கு மட்டும்தான். மொதல்ல கம்பெனிக்கு கம்ப்ளைன்ட் எழுது. ஒரு மாசத்துல சரியான பதில் வர்லன்னா சென்னைல இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற ஆம்பட்ஸ்மேன் இருக்கார். அங்க காசும் கெடையாது, வக்கீலும் கெடையாது. அதுக்கப்புறமும் ஆவலன்னா எங்கிட்ட வா."

வருகிற வருமானத்தை வேண்டாம் என்று சொல்லும் வக்கீலை நம்பலாமா? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காசு வாங்காமல் செய்கிற வேலை உருப்படுமா?

அந்தச் சந்தேகத்தில் இருந்தபோதுதான் ஒரு பெண் போன் செய்தாள். தேன் மாதிரிக் குரல்.

"சார், உங்க பழைய பாலிசிய கேன்சல் பண்ணி முழுப் பணத்தையும் வாங்கித் தரோம். அதுக்கு சின்னதா ஒரு புது பாலிசி மட்டும் எடுக்கணும். அம்பதாயிரம்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எவ்வளவு நல்ல பெண். என் கஷ்டம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுகூட யோசிக்கவில்லை. கடைக் கல்லாவைத் திறந்து எண்ண ஆரம்பித்தேன். சாப்பாடு கொண்டுவந்த மல்லிகா பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க எண்ணிக்கினு இருக்கீங்க?"

சொன்னேன்.

"பாலிசிலேர்ந்து வெளிய வர்றதுக்கு இன்னொரு பாலிசியா? குண்டான் ஓட்டைன்னு ஒருத்தர் வந்தா, இன்னொரு குண்டான் வாங்கு, அப்பத்தான் அத மாத்தித் தருவேன்னு சொல்வீங்களா நீங்க?"

வியாபாரியாக எனக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

கம்ப்ளைன்டை அவளே எழுதினாள். நான் எழுதினதில் 'வஞ்சகம்', 'சூழ்ச்சி', 'நயவஞ்சகக் கும்பல்' என்றெல்லாம் இருந்ததாம். கிழித்துவிட்டாள். அவள் எழுதியது ஒரே பக்கம். மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். நான் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், வெரிஃபிகேஷன் கால்ல நீங்க ஆமான்னு சொன்னது ரெக்கார்டு ஆகி இருக்கு."

"ஆமான்னு சொல்லச் சொன்னதே பேங்க்ல இருந்த தம்பிதான். சரி, நான் ஒண்ணு கேக்கறேன். எனக்கு வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல. வருஷா வருஷம் ரெண்டு லட்சம் எங்கேர்ந்து கட்டுவேன்னு நீங்க யாராச்சும் கேட்டீங்களா?"

அவர் பேச்சை மாற்றினார்.

"வேணும்னா பிரீமியத்த பாதியாக் கொறச்சிக்..."

நான் தலையை வேகமாக ஆட்டினேன் — ஒத்துக்கொள், ஒத்துக்கொள். மல்லிகா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"வேணாம் சார். போட்ட பணத்த குடுங்க. இல்லன்னா ஆம்பட்ஸ்மேன் கிட்ட எழுதறேன். எனக்கு அவசரமில்ல, வீட்லதான் இருக்கேன்."

யோசித்துப் பார்த்தால், பயந்தவனைத்தான் எல்லோரும் தேடி வருகிறார்கள். விற்கிறவனும் வருகிறான், விற்றதிலிருந்து காப்பாற்றுகிறேன் என்பவனும் வருகிறான். 'அவசரமில்லை' என்று சொல்கிறவரிடம் மட்டும் யாருக்கும் விற்கத் தெரியவில்லை. எனக்கோ பிறவியிலேயே அவசரம்.

போன வாரம் மெசேஜ் வந்தது. கம்பெனி ரெண்டு லட்சத்தையும் மல்லிகாவின் கணக்கில் போட்டுவிட்டது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் இவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று.

நான் சட்டையை மாட்டினேன். "கெளம்பு, இந்தத் தடவ ஒழுங்கா டெபாசிட்ல போட்டுட்டு வந்துடலாம்."

வெளியே வந்த அவள் கையில் பர்ஸ் இருந்தது.

"நான் மட்டும் போய்ட்டு வரேன். நீங்க கடைய பாருங்க."

இதுதான் ஐயா அசல் காப்பீடு. பிரீமியம்கூடக் கிடையாது.